ஓர் இரவு தங்கிப் போங்கள்

தமிழகத்திலிருந்து தனியே பை தூக்கிக்கொண்டு மலேசியா வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

மலாக்காவிலிருந்து எழுதுகிறேன். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் யாரையும் எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியாது. ஆனால் 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து போகலாம் என்று ஆனதிலிருந்து உங்களை அடிக்கடி பார்க்கிறேன். முன்பு தமிழகத்திலிருந்து வருகிறவர்கள் குழுவாக வருவார்கள், ஒரே பேருந்தில் ஏறி ஒரே பேருந்தில் இறங்குவார்கள். இப்போது திருச்சியிலும் சென்னையிலும் இரவு விமானம் பிடித்து, விடிகாலையில் வந்து இறங்கி, முதுகில் ஒரு பையோடு நீங்கள் தனியே நடந்து வருகிறீர்கள். பெண் பிள்ளைகளும் அப்படி வருகிறார்கள். பார்க்கவே மனம் நிறைகிறது.

உங்கள் திட்டத்தைக் கேட்கும்போதுதான் மனம் ஆறவில்லை. காலையில் கோலாலம்பூர் டிபிஎஸ் முனையத்தில் பஸ் ஏறுகிறீர்கள். இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல். அங்கிருந்து நேரே சிவப்புக் கட்டடங்கள். டச்சுக்காரர்களின் ஸ்டாதைஸ் முன்னால் ஒரு படம், 1753-இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயத்தின் முன்னால் ஒரு படம், கோட்டை வாசலில் ஒரு படம். செயின்ட் பால் குன்றில் ஏறி இறங்கி, ஜோங்கர் தெருவில் ஒரு கிண்ணம் செண்டோல் குடித்துவிட்டு, வெயில் சாயும் முன்பே திரும்பும் பஸ். மறுநாள் பத்துமலையும் இரட்டைக் கோபுரமும். அதற்கடுத்து விமானம்.

இந்த அரைநாளில் நீங்கள் பார்ப்பது போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று கூட்டத்தார் விட்டுப்போன கட்டடங்களை. அவை பார்க்க வேண்டியவைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊரில் உங்களோடு உறவு கொண்டாடக் காத்திருப்பதெல்லாம் அந்த அரைநாளுக்கு வெளியில் இருக்கிறது. அதனால் கேட்கிறேன். ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் முழுவதையும் எங்களுக்குக் கொடுங்கள்.

நீங்கள் படம் எடுக்கும் அந்தக் கோட்டை வாசலிலிருந்தே தொடங்குகிறேன். 1511-இல் அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்த பிறகு போர்த்துகீசியர் எழுப்பிய ஆ ஃபமோசா கோட்டையில் இன்று நிற்பது அந்த ஒற்றை வாசல்தான். மற்றதை 1807-இல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வெடியை ஊரே திரண்டு பார்த்தபோது அந்தக் கூட்டத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பிற்காலத்தில் அதை எழுதி வைத்தவனும் அவன்தான். முன்ஷி அப்துல்லா என்று உலகம் அறிந்தவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மலேசியப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். யேமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்த ஒருவரின் கொள்ளுப்பேரன் அவர். சிறுவயதில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். மலாக்காவில் ஓரளவு வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நாளைய வழக்கம், கணக்குக்கும் வாணிபத்துக்கும் அது வேண்டியிருந்தது என்று அவரே 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் எழுதுகிறார். 1849-இல் அச்சேறிய புத்தகம் அது. 1838-இல் கிளந்தானுக்குக் கடல்வழி போய் வந்து பயணநூலும் எழுதினார். 1854-இல் ஹஜ் பயணத்தின்போது ஜெட்டாவில் இறந்தார்.

இந்த ஊரின் பயண எழுத்தாளர் ஒருவரே நாகூர் வழி வந்தவர் என்று தெரிந்துகொண்டு அந்த வாசலில் நின்று பாருங்கள். கல்லும் காரையும் வேறு மாதிரித் தெரியும்.

அதற்கும் முன்னால் போனால், சுல்தான்கள் ஆண்ட காலத்தில் இந்தத் துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். வந்து இறங்கும் வணிகர்களை அவரவர் நாடு பார்த்துக் கவனிக்கும் துறைமுக அதிகாரிகள். குஜராத்திகளுக்கு ஒருவர், சீனர்களுக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வருவோருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கம், பெகு, பாசாய் பக்கமிருந்தும் வருவோருக்கு ஒருவர். மலாக்கா விழுந்த சில ஆண்டுகளிலேயே இங்கே தங்கிக் கணக்கெழுதிய போர்த்துகீசியர் டோமே பிரெஸ் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். நம்மவர்கள் இங்கே கூலிக்கு மட்டும் வரவில்லை. கப்பல் முதலாளிகளாகவும் துணி வணிகர்களாகவும் வந்து, அரசவையில் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் வகுப்பெடுத்தேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

இனி, ஜோங்கர் தெருவில் செண்டோல் குடித்தீர்களே, அங்கிருந்து ஒரு சந்து தள்ளினால் ஜாலான் துக்காங் ஏமாஸ். பொற்கொல்லர்கள் இருந்த தெரு. அங்கே இருக்கிறது ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். 1781-இல் கட்டியது. மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் இந்துக் கோவில்களில் இதைவிடப் பழையது இல்லை. டச்சுக்காரர்கள் ஆண்டபோது செட்டி சமூகத்தின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டிக்கு அவர்கள் கொடுத்த நிலம் அது. வானளாவிய கோபுரத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் கவனிக்காமலே கடந்து போய்விடுவார்கள். தெருவில் இருக்கும் வீடுகளின் உயரத்துக்கே கோவிலும் நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். கருங்கல் பிள்ளையார். முருகனுக்கும் தனிச் சன்னதி உண்டு.

வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் 1748-இல் எழும்பிய கம்போங் கிலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. அடுக்கடுக்கான கூரையும் சீனக் கோபுரம் போன்ற மினாராவும் கொண்டது. இன்னும் கொஞ்சம் நடந்தால் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோவில். மாலையில் அந்தத் தெருவில் நின்றால் பாங்கோசையும் கோவில் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும், காற்றில் ஊதுபத்திப் புகை வரும். பகலில் இந்தத் தெருவில் டிரைஷா எனும் சைக்கிள் ரிக்‌ஷாக்களின் பாட்டுச் சத்தம்தான் பெரிது. அரைநாள் பயணிக்குக் கிடைப்பது அந்தப் பாட்டுச் சத்தம் மட்டும். தங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். மாலைப் பூசைக்கு நீங்கள் ஊரில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை காஜா பெராங் போங்கள். பழைய நகரத்திலிருந்து தூரமில்லை, வெயில் ஏறும் முன் நடந்தே போய்விடலாம். அங்கே கம்போங் செட்டி இருக்கிறது. சுல்தான்கள் காலத்திலேயே வந்து இங்கேயே பெண் எடுத்துக் குடியமர்ந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் வாழும் இடம். மலாக்கா செட்டிகள் என்று எல்லாரும் சொல்வார்கள். நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். கும்பிடுவது மாரியம்மனையும் காளியம்மனையும் கைலாசநாதரையும். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் தொங்கும். அந்தத் தோரணத்தை எத்தனையோ தலைமுறையாக யாரும் மறக்காமல் கட்டி வருகிறார்கள். அதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அங்குள்ள ஸ்ரீ முத்து மாரியம்மன் கோவில் 1822-இல் எழுந்தது. ஏப்ரல், மே மாதவாக்கில் நடக்கும் அம்மன் திருவிழாவை ஊரார் டத்தோ சாச்சார் திருவிழா என்பார்கள். அம்மை நோயிலிருந்து காக்கும் தாய்க்கு எடுக்கும் விழா. போகியன்று முன்னோருக்குப் படையல் போடுவார்கள். 'பார்ச்சு' என்பது அதன் பெயர். வாழை இலையில் மீன் பிண்டாங்கும் நாசி லெமாக்கும் பலகாரமும் பரப்பி, இறந்துபோன தாத்தா பாட்டியைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஆண்டின் நடுவில் பழங்கள் விளையும் காலத்தில் இன்னொரு பார்ச்சு, அதில் டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் படையலுக்கு வரும். உங்கள் ஊரில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் செய்வதும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கம்போங்கிலேயே சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது. சமையல் பாத்திரம், கல்யாண உடை, பழைய புகைப்படங்கள் எல்லாம் அங்கே பார்க்கலாம்.

இங்கே உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. செட்டி வீட்டுப் பெரியவர்களைப் பார்த்ததும், "தமிழா? அப்புறம் ஏன் தமிழ் பேச வரவில்லை?" என்று கேட்டுவிடுகிறீர்கள். சிலர் உச்சுக் கொட்டிவிட்டும் போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போர்த்துகீசியர் காலத்திலும் டச்சுக்காரர் காலத்திலும் ஊரோடு தொடர்பே அற்றுப் போன நிலையில், சாமியையும் முன்னோரையும் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். பக்கத்துக் கரையிலிருந்து நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ஆள் அனுப்பி நலம் விசாரித்தோமா? விசாரிக்காத நமக்கு உச்சுக் கொட்டும் உரிமை இல்லை. அவர்கள் மலாயில் பேசினால் நீங்கள் ஆங்கிலத்தில் பேசுங்கள். சிரித்த முகமாக இருங்கள். வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். உட்காருங்கள்.

அடுத்தது தோட்டங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மலாயாவில் ரப்பரைத் தோட்டமாகப் போட்டு வாணிபம் செய்தது முதன்முதலில் எங்கள் மாநிலத்தில்தான். 1896-இல் டான் சாய் யான் என்ற மலாக்கா பாபா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அது பலித்ததும் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் காடழித்து நட்டார். அதன்பின் லண்டன் கம்பெனிகள் வந்தன. நடவும் களையெடுக்கவும் பால் வெட்டவும் ஆள் வேண்டுமே. கங்காணிகள் கப்பல் ஏறி உங்கள் ஊர்களுக்கு வந்தார்கள். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு, புதுக்கோட்டை என்று ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏற்றினார்கள். 1938-இல் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அது நடந்தது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே தன் நிரைக்குப் போய்விடுவார். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் சீக்கிரம் உறைந்துவிடும். முதலில் பழைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் உரித்து இடுப்புப் பையில் போடுவார். பிறகு உளியை வைத்து இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, மெல்லிய சீவல் ஒன்று மட்டும் எடுப்பார். கொஞ்சம் ஆழம் தப்பி உளி மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை சரியாகத் திரும்ப வளராது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டுவார். சீவியதும் வெள்ளையாகப் பால் கசிந்து, கோட்டு வழியே இறங்கி, தகரப் பீலியில் சேர்ந்து, சொட்டுச் சொட்டாக மங்கில் விழும். அடுத்த மரம். அதற்கடுத்த மரம். நூற்றுக்கணக்கில். நிரை முடிந்ததும் முதல் மரத்துக்குத் திரும்பி, மங்குகளை வாளியில் கவிழ்த்து, இரண்டு வாளியையும் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமப்பார். மழை பெய்தால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. மழை என்றால் எனக்கு இன்றும் கவிதை தோன்றுவதில்லை, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் அம்மா வானத்தைப் பார்த்து நின்றதுதான் நினைவுக்கு வரும்.

நீங்கள் ரயிலில் வருவதாக இருந்தால் புலாவ் செபாங் - தம்பின் நிலையத்தில் இறங்குவீர்கள். மலாக்கா நகரத்துக்கு ரயில் இல்லை. ஒருகாலத்தில் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்கா வரை ஓடிய பாதையை ஜப்பானியர் ஆட்சியில் பெயர்த்தெடுத்து, சயாம் - பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளத்தோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை இங்கே வரும் முன் படித்துவிட்டு வந்தால் நல்லது. பிறகு தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் காரில் வரும் அந்த அரைமணி, முக்கால்மணி நேரம் உங்களுக்கு வெறும் சாலையாக இருக்காது.

புக்கிட் அசகான் தோட்டத்தைப் பற்றி இன்னொரு செய்தி. 1967-இல் அந்தத் தோட்டத்துப் பாட்டாளிகள் தங்கள் குறையைச் சொல்ல அங்கிருந்து கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். ஆணும் பெண்ணுமாக, வெயிலிலும் மழையிலும் நடந்தார்கள். நீங்கள் குளிரூட்டிய பஸ்ஸில் தூங்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கும் அதிகம் அது. அடுத்த இரண்டே ஆண்டில், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலரிடமும் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. சுமார் 60,000 பேர் கப்பலேறித் தமிழகம் திரும்பியதாகக் கணக்கு. ராஜூலா கப்பலிலும், பின்னாளில் எம்.வி. சிதம்பரத்திலும் போனவர்களை இங்கே இன்றும் குடும்பம் குடும்பமாக நினைத்துப் பேசுகிறார்கள். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தபின் அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுவிட்டது.

உங்கள் தெருவில் "மலேசியாக்காரர் வீடு" என்று ஒன்று இருக்கிறதா? உங்கள் தாத்தா பேச்சில் கித்தா, தவ்க்கே, பாசா என்ற சொற்கள் எப்போதாவது வந்திருக்கின்றனவா? அப்படியானால் வரும் முன் வீட்டில் கேளுங்கள். தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். கெமுனிங்கா, சுங்கை பாருவா, செர்க்காமா, காடேக்கா, தெபோங்கா, டயமண்ட் ஜூபிலியா? பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். மலாக்காவில் எந்தத் தமிழ்க் கடையிலும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்க தாத்தா பேரு என்ன?" என்று கேட்பார். தனியே வருகிறவருக்கு இது பெரிய வசதி. கூட்டமாக வந்தவர்களைப் பார்த்தால் ஊரார் வழி விட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். தனியே வந்தவரைப் பார்த்தால் "சாப்டீங்களா?" என்று கேட்பார்கள்.

தோட்டத்தில் இன்று என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். ரப்பர் பெரும்பாலும் போய்விட்டது, செம்பனை வந்துவிட்டது. பல இடங்களில் லயங்களை இடித்துவிட்டார்கள். வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் மக்கள் செங், குருபோங், பத்து பெரெண்டாம், புக்கிட் பெருவாங் பக்கத்துத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளில் வீடு வாங்கியோ வாடகைக்கோ குடியேறிவிட்டார்கள். எஞ்சியிருப்பது இரண்டு: கோவிலும் பள்ளிக்கூடமும். செம்பனை மரங்களுக்கு நடுவே ஆள் இல்லாத இடத்தில் ஒரு மாரியம்மன் கோவில் சாயம் மங்காமல் நிற்கும். திருவிழா நாளில் மட்டும் அந்த மண்சாலை நிறையக் கார்கள். சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்து தீச்சட்டி எடுப்பார்கள், பால்குடம் எடுப்பார்கள். லயம் இருந்த இடத்தில் பெண்கள் நின்று, இது எங்கள் வீடு, இது பவுனக்கா வீடு என்று வெறும் மண்ணைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். மலாக்காவில் இருபதுக்குச் சற்றுக் கூடுதலாகத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் தோட்டப் பெயரையே தாங்கியிருக்கின்றன. ரப்பர் பிறந்த புக்கிட் லிந்தாங்கின் பெயரிலும் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. வெளியே நின்று பார்த்தாலே பிள்ளைகள் கையசைப்பார்கள். உள்ளே போவதானால் முதலில் அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். பிள்ளைகளைப் படம் பிடிக்காதீர்கள். லயங்களில் இன்னும் குடியிருப்போர் வீட்டையும் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். வறுமையைக் காட்டிப் பெயர் வாங்குவது பயணம் ஆகாது.

இனி சில நடைமுறைச் செய்திகள், தனியே வருகிறவர் என்பதால் சொல்கிறேன்.

விமானம் ஏறும் முன் மூன்று நாட்களுக்குள் மலேசிய வருகை மின்படிவத்தை நிரப்பிவிடுங்கள், அது இலவசம். திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடப் பதிவையும் கையில் தாளாக வைத்திருங்கள். தனியே வரும் இளைஞர்களைக் குடிநுழைவு முகப்பில் கூடுதலாக விசாரிக்கலாம், பதறாமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். விசா விதி மாறக்கூடியது, புறப்படும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறில் மட்டும். அந்த நாட்களில் அறை வாடகை ஏறும், கூட்டம் நெரியும். கோவிலும் கம்போங்கும் பார்க்க வருகிறவர்களுக்கு வாரநாளே நல்லது. ஆனால் வாரநாளில் பழைய நகரத்துக் கடைகள் பல சீக்கிரமே அடைத்துவிடுகின்றன, தெருக்கள் வெறிச்சோடும். தங்கைகள் இரவில் ஆற்றோரப் பாதையிலும் விளக்கு எரியும் பெரிய தெருக்களிலும் நடந்துகொள்ளுங்கள், சந்துகள் வேண்டாம். சாலையோரம் நடக்கும்போது பையைச் சாலைப்பக்கத் தோளில் மாட்டாதீர்கள், மோட்டார்சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. ஜாலான் பெண்டஹாரா, ஜாலான் தெமெங்கோங் பக்கம் லிட்டில் இந்தியா இருக்கிறது. மதியம் வாழையிலைச் சாப்பாடு, காலையில் தோசையும் தே தாரிக்கும் அங்கே கிடைக்கும். தோட்டங்களுக்கு நேரடி பஸ் வசதி குறைவு. கிராப் காரில் போனால் திரும்பி வர வண்டி கிடைக்காமல் போகலாம். ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், அல்லது ஒருநாளுக்குக் கார் எடுங்கள். போகிற இடத்தைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

தனியே உலகம் சுற்றிய தமிழர்களில் நமக்கெல்லாம் முன்னோடி ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிய படத்துக்காக நாடு நாடாகப் போய்ப் படச்சுருள் சேகரித்தவர். கைப்பேசி இல்லாத காலத்தில் கப்பலில் போனார். பார்த்த மனிதர்களை 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலில் எழுதி வைத்தார். உங்களுக்கு எல்லா வசதியும் இருக்கிறது. குறைவாக இருப்பது நேரம் ஒன்றுதான் என்று நினைக்கிறீர்கள். நான்கு நாள் பயணத்தில் ஒரு நாளை எடுத்து மலாக்காவுக்குக் கொடுத்தால் பத்துமலையும் கெடாது, இரட்டைக் கோபுரமும் கெடாது.

நாள் பார்த்து வர முடியுமானால் மாசி மகத்துக்கு வாருங்கள். அன்று பொய்யாத விநாயகர் கோவிலிலிருந்து முருகனை வெள்ளித் தேரில் ஏற்றி, நகரத்தைத் தாண்டி செங் என்னும் இடத்திலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்குக் கொண்டுபோகிறோம். சன்னாசிமலைத் திருவிழா என்பது மலாக்காத் தமிழர்களுக்கு ஊர்த் திருவிழா. நகரத்தார், தோட்டத்திலிருந்து வந்தவர்கள், செட்டிகள், காவடி தூக்கும் சீனர்கள் எல்லாரும் அன்று ஒரே சாலையில் நடப்பார்கள். அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், மலாக்காவில் ஓர் இரவுக்கு அறையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
மலாக்காவிலிருந்து
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி